உடற்பிணியுள் மறைந்த உளப்பிணி

கண்டி மாநகரின் தேசிய வைத்தியசாலையிலும், மகாவலிக் கரையை அடுத்த பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் காலைப் பொழுதிலே கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள் பலராவர். தெல்தோட்டையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் முதற் பஸ்ஸிலே வந்திறங்கியோர், அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் இருந்து வந்தோர், நகரத்துச் சிறு கடைகளிலே வேலை செய்வோர் ஆகிய எல்லோரும் கையிலே கிளினிக் கொப்பியுடனும் இலக்கத் துண்டுடனும் நீண்ட வாங்குகளில் அமர்ந்திருப்பர். ஒருவருக்குச் சலரோகம், இன்னொருவருக்கு இரத்த அழுத்தம், மற்றொருவருக்கு மூட்டு வலி. தமக்கு மனநோய் உண்டென்று சொல்லிக்கொண்டு அங்கு வந்து அமர்பவர் அரியர்.

ஆயினும் அவ்வாங்குகளிலே மனநோயாளர் இல்லையென்று கொள்வது பெருந்தவறாகும். அவர்கள் இருக்கின்றனர், ஆனால் வேறு பெயரில் இருக்கின்றனர். தலையிடி என்றும், நெஞ்சு படபடப்பு என்றும், உடம்பெல்லாம் எரிகிறது என்றும், வயிற்றில் ஏதோ புரள்கிறது என்றும், இரவில் கண் மூடுவதில்லை என்றும் அவர்கள் முறையிடுகின்றனர். இவ்வாறு உடல் நோய்க்காக வருபவரிடையே உள்ளம் நொந்தவரை இனங்கண்டு கொள்வது எவ்வாறு? அதனை உளநலப் பிரிவல்லாத சாதாரண சிகிச்சை நிலையங்களிலே செய்யலாமா? செய்வதனால் வரும் நன்மை யாது? தீமை யாது? இவ்வினாக்களை நேயர்களும் சற்றுச் சிந்தித்தல் தகும்.

முதலில் ஓர் உவமை. மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்றவர்கள் அங்கே அசைந்துகொண்டிருக்கும் சல்லடைகளைப் பார்த்திருப்பர். உலர்ந்த தேயிலை அவற்றின்மீது விழுகின்றது. தூள் கீழே இறங்குகின்றது. பெரிய இலை மேலே நிற்கின்றது. சல்லடை தேயிலையின் சுவையை அறியாது. சுவைத்துத் தரம் கூறுவது வேறொருவர் வேலை. வைத்தியத்துறையில் முற்சோதனை என்று சொல்லப்படுவதும் இத்தகையதே. சில எளிய வினாக்களை எல்லோரிடமும் கேட்டு, மேலும் ஆராயப்பட வேண்டியவர் யார் என்று பிரித்துக் கொள்வதே அதன் பணி. இவருக்கு இன்ன நோய் என்று தீர்ப்புக் கூறுவது அதன் பணியன்று. இந்த வேறுபாட்டை மறந்தவர்களே முற்சோதனையை அளவுக்கு மீறிப் புகழ்கின்றனர். அளவுக்கு மீறி அஞ்சுகின்றவர்களும் அவர்களே.

இம்முயற்சி ஏன் தோன்றியது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகள் விடை தருகின்றன. கொலம்பியா, இந்தியா, பிலிப்பைன்ஸ், சூடான் ஆகிய நான்கு நாடுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 1,624 பேரை ஆராய்ந்து 1980ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு ஒன்றுண்டு. அவர்களுள் 225 பேருக்கு, அதாவது நூற்றுக்குப் பதினான்கு பேரளவினருக்கு, உளநோய் இருந்தமை கடுமையான அளவுகோல்களின்படியே தெளிவாயிற்று. அவர்களிற் பெரும்பாலார் சொல்லிக்கொண்டு வந்ததோ தலைவலி, வயிற்று வலி, இருமல், பலவீனம் முதலிய உடற்குறைகளையே. பின்னர் 1991, 1992ஆம் ஆண்டுகளில் பதினான்கு நாடுகளிலே நடைபெற்றதும், இந்தியாவின் பெங்களூரையும் உள்ளடக்கியதுமான பேராய்வு, பொது வைத்தியரிடம் வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் உளநோய் இருந்ததைக் காட்டியது. இத்தொகை நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபட்டது. எனினும் மனநோயாளர் முதலில் நாடுவது மனநோய் வைத்தியரை அன்று, சாதாரண வைத்தியரையே என்ற உண்மை எங்கும் ஒன்றாகவே இருந்தது.

உள்ளம் ஏன் உடலின் மொழியிலே பேசுகின்றது? நோயாளி பொய் சொல்கிறார் என்பது இதற்கு விடையன்று. துயரம் நெடுநாள் நீடிக்கும்போது உறக்கம் கெடுகின்றது, பசி மந்தமாகின்றது, தசைகள் இறுகுகின்றன, நெஞ்சு வேகமாக அடிக்கின்றது. ஆகவே வலி உண்மையான வலியே. அதனோடு, உடலின் குறையைச் சொல்வதில் மானக்கேடு இல்லை. மனத்தின் குறையைச் சொன்னாலோ குடும்பத்தின் பெயருக்கும் பெண்பிள்ளையின் விவாகத்துக்கும் இழுக்கு வரும் என்ற அச்சம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. மேலும், துன்பத்தைத் துன்பமாகக் கொள்ளலாமேயன்றி அதனை ஒரு நோயாகக் கொள்ளலாமா என்ற ஆழ்ந்த வினாவும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர 1985இல் வெளிவந்த கட்டுரை ஒன்றிலே இவ்வினாவையே எழுப்பினார். மேல்நாட்டு வைத்தியம் மனச்சோர்வு நோய் என்று பெயரிடும் உணர்வுகளை, உலகம் நிலையாமையும் துன்பமும் உடையது என்று கருதும் பௌத்தர் ஒருவர் வாழ்க்கைபற்றிய தெளிவாகவும் கொள்ளக்கூடும் என்று அவர் எடுத்துக்காட்டினார். அவ்வெச்சரிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் எழுந்து நடக்கவும் உண்ணவும் குழந்தையைத் தூக்கவும் இயலாத நிலையிலே ஒருவர் கிடப்பாராயின், அது தத்துவத் தெளிவன்று. உதவி வேண்டிய பிணியே.

இந்நாட்டில் உளநோய்ச் சிகிச்சை நடந்துவந்த வழியும் அந்த அச்சத்தை வளர்த்தது எனலாம். கொழும்புக்கு அண்மையிலுள்ள அங்கொடையில் 1926ஆம் ஆண்டிலே பெரிய மனநோய் வைத்தியசாலை தொடங்கப்பெற்றது. நெடுங்காலம் நாடு முழுவதற்கும் அதுவே முதன்மையான புகலிடமாக விளங்கியது. கண்டிப் பகுதியார் ஒருவருக்கு அது வெகுதொலைவிலுள்ள இடம்; அங்குச் சென்றவர் ஊரார் பார்வையினின்றும் மறைந்தவராகவே கருதப்பட்டார். ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டது. இலண்டன் மோட்சிலி வைத்தியசாலையின் தலைவர் எட்வேட் மபோதர் 1937ஆம் ஆண்டளவில் இங்கு அழைக்கப்பட்டு நிலைமையை ஆராய்ந்தபோது, அங்கொடையின் நெரிசலைக் கண்டித்ததோடு, பொது வைத்தியசாலைகளிலேயே உளநலச் சிகிச்சை அளிக்கும் பிரிவுகள் வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். அக்கருத்து முழுமையாக வேரூன்றப் பல்லாண்டுகள் சென்றன. 2005ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கையே, மாவட்டந்தோறும் சமூகத்தின் நடுவிலே சேவை அமைதல் வேண்டும் என்ற நோக்கத்தை உறுதியாக வகுத்தது. 2008இல் அங்கொடை வைத்தியசாலையும் தேசிய மனநல நிறுவகம் என்ற புதுப்பெயர் பெற்றது. எனினும் ஒரு சேவை ஊருக்கு அருகில் வந்துவிட்டதனால் மட்டும் மக்கள் அதன் வாயிலை மிதித்துவிடுவதில்லை. அவர்கள் ஏற்கெனவே மிதிக்கும் வாயில் எதுவோ, அங்கேயே வினாவைக் கேட்க வேண்டியிருக்கின்றது.

அவ்வினாக்கள் எத்தகையன? இங்கிலாந்தின் டேவிட் கோல்ட்பேர்க் என்பார் 1970ஆம் ஆண்டையடுத்து ஆக்கிய பொது நல வினாக்கொத்து இத்துறையில் ஒரு முன்னோடியாகும். இன்று பலவிடங்களிலும் வழங்குவது ஒன்பது வினாக்கள் கொண்ட ஒரு படிவம். அதன் முதல் இரு வினாக்களை மட்டும் தனியே கேட்கும் முறையும் உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடோ இன்பமோ அற்றிருந்தீரா என்பது ஒன்று. மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்தீரா என்பது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளியிடப்படும். இரண்டும் சேர்ந்து மூன்றோ அதற்கு மேலோ ஆனால் மேலும் விசாரிக்க வேண்டும். இரத்த அழுத்தம் அளக்கும் நேரத்துக்குள் இவ்விரு வினாக்களையும் கேட்டு முடித்துவிடலாம்.

மகப்பேற்றுக்குப் பின்னுள்ள தாய்மாருக்கென ஸ்கொத்லாந்தில் உருவாக்கப்பட்டு 1987இல் வெளியிடப்பட்ட எடின்பரோ அளவுகோலில் பத்து வினாக்கள் உண்டு. பத்தாவது, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பதாகும். இலங்கையிலே குழந்தை பெற்ற தாய்மாரைக் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் பணியோடு இவ்வளவுகோல் இணைந்துள்ளது. உளநலப் பிரிவுக்கு வெளியே, உளநோய் நிபுணர் அல்லாத ஒருவர், தாம் வழக்கமாகச் செய்யும் வேலையின் நடுவிலேயே இவ்வினாக்களைக் கேட்கலாம் என்பதற்கு இது நம் கண்முன்னே உள்ள நல்ல சான்று. தாயின் எடையையும் குழந்தையின் எடையையும் பார்ப்பது போலத் தாயின் மனநிலையையும் பார்ப்பது இயல்பாகிவிட்டால், அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

இங்கே மொழியென்னும் இடர் குறுக்கிடுகின்றது. எடின்பரோ வினாக்களுள் ஒன்று, காரியங்கள் தன்மேல் ஏறி அமர்ந்துவிட்டன என்ற பொருள்பட ஆங்கில மரபிலே அமைந்துள்ளது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கேட்கும் தாய் திகைத்துப் போவாள்; ‘வேலைகளைச் சமாளிக்க முடியாமல் போய்விட்டதா’ என்று கேட்டாலோ உடனே விளங்கிக்கொள்வாள். ஆதலாலேயே ஒரு வினாக்கொத்தை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அம்மொழி பேசும் நோயாளரிடையே அதனைச் சோதித்து, எத்தனை புள்ளிக்கு மேல் ஐயுறலாம் என்பதையும் புதிதாக வரையறுக்க வேண்டும். தமிழ்நாட்டு வேலூரிலே எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவம் இவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளது. இலங்கையில் அதன் சிங்கள வடிவமும் சோதிக்கப்பட்டது. பேராதனை வைத்திய பீடத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். பிறநாட்டுக் கருவியை மாற்றியமைப்பதை விடுத்து, இந்நாட்டார் தம் துயரை வெளியிடும் முறைக்கு இசைவாகவே ஓர் அளவுகோலை அவர்கள் உருவாக்கினர். பேராதனை மனச்சோர்வு அளவுகோல் என்ற பெயரோடு அது 2012இல் வைத்திய உலகுக்கு அறிமுகமாயிற்று. கண்டியை அடுத்த ஒரு நிலையத்தில் தோன்றிய இம்முயற்சி பாராட்டுக்குரியது.

ஆயினும் கண்டிப் பிரதேசத்தின் சிறப்பான சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. இங்கே பெரும்பான்மையோர் சிங்களம் பேசுவோர். தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரும், நகரத்துத் தமிழரும், அக்குறணை, மடவளை முதலிய இடங்களில் வாழும் முஸ்லிம்களும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டவர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று விதித்தது. எனினும் சட்டத்தில் உள்ள மொழி வைத்தியரின் மேசை வரை எப்போதும் வந்துவிடுவதில்லை.

ஒரு தோட்டத் தாயை நினைத்துப் பார்ப்போம். மழையிலும் கொழுந்து பறித்து, கூடையைச் சுமந்து, மாலையில் லயத்துக்குத் திரும்பும் அவள், உடம்பு உளைவு என்று வைத்தியரிடம் வருகின்றாள். தன் வலியைச் சிங்களத்தில் ஓரளவு சொல்லிக்கொள்வாள். கையால் தொட்டும் காட்டுவாள். ஆனால் உள்ளத்து வேதனையைத் தொட்டுக் காட்ட இடமேது? அதற்குச் சொல் வேண்டும். கூட வந்த பதினான்கு வயது மகளோ பக்கத்து லயத்துப் பெண்ணோ மொழிபெயர்க்க, ‘உமக்கு வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா’ என்று வைத்தியர் கேட்பாராயின், அவள் என்ன விடை சொல்வாள்? மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘அப்படி ஒன்றுமில்லை’ என்பதைத் தவிர வேறு சொல்ல வழியில்லை. படிவத்திலே பூச்சியம் எழுதப்படும். வலி மாத்திரையோடு அவள் திரும்பிச் செல்வாள். சல்லடையில் குறையில்லை; அவளுடைய விடை சல்லடைக்கு வந்து சேரவேயில்லை. ஆகவே தமிழறிந்த தாதியோ ஊழியரோ ஒருவர், மறைவான ஓரிடம், வீட்டார் சற்று விலகி நிற்கும் ஐந்து நிமிடம் ஆகிய இம்மூன்றும் வினாக்கொத்துக்கு ஈடான கருவிகளேயாம்.

இனி, முற்சோதனையின் குறைபாட்டையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஓர் எடுத்துக்காட்டாக, சிகிச்சை நிலையத்துக்கு வந்த நூறு பேரிலே பத்துப் பேருக்கு மனச்சோர்வு நோய் உண்டென்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேரைச் சரியாகக் காட்டுவதும், நோயற்றவருள் நூற்றுக்கு எண்பது பேரைச் சரியாக விலக்குவதுமான வினாக்கொத்து நம்மிடம் இருக்கின்றது. நோயுள்ளவரில் எட்டுப் பேர் அகப்படுவர், இருவர் தப்புவர். நோயற்ற தொண்ணூறு பேரில் பதினெட்டுப் பேரும் தவறாக அகப்படுவர். ஆக, அகப்பட்ட இருபத்தாறு பேரில் உண்மையில் நோயுடையவர் எட்டுப் பேரே. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதனை அறியாத ஒருவர், புள்ளி கூடியவருக்கெல்லாம் மருந்தெழுதினால் பதினெட்டுப் பேருக்கு வேண்டாத மருந்தும் வேண்டாத பெயரும் வந்து சேரும். அதே வேளையில், புள்ளி குறைந்தவருக்கெல்லாம் ஒன்றுமில்லை என்று கைகழுவினால் இருவர் கைவிடப்படுவர். ஆகவே புள்ளி என்பது உரையாடலின் தொடக்கமே தவிர முடிவன்று.

அன்றியும், மனச்சோர்வு போலத் தோன்றுவன யாவும் மனச்சோர்வல்ல. இரத்தச் சோகையும், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி குன்றுவதும், சில மருந்துகளும் ஒருவரைச் சோர்வுறச் செய்யும். அண்மையில் துணையை இழந்தவரின் அழுகை நோயாகாது. உடலைச் சோதியாமல் உள்ளத்தைக் குற்றம் சொல்வதும், உள்ளத்தைக் கேளாமல் உடலுக்கே மருந்தளித்துக் கொண்டிருப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

எல்லோருக்கும் முற்சோதனை செய்ய வேண்டுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அமெரிக்க நாட்டின் நிபுணர் குழு, பின்தொடர் சிகிச்சைக்கு ஏற்பாடு இருக்குமாயின் வயது வந்தோர்க்கு இதனைச் செய்யலாம் என்று 2002இல் பரிந்துரைத்தது. கனடா நாட்டுக் குழுவோ, எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதனால் நன்மை உண்டென்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2013இல் மறுத்தது. முற்சோதனைக்குரிய விதிகளை உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968இலே வகுத்த வில்சன், யுங்னர் என்போர், கண்டறியப்பட்ட நோய்க்குச் சிகிச்சையும், சிகிச்சை அளிக்கும் இடமும் இருத்தல் வேண்டும் என்பதை அடிப்படை விதிகளுள் அடக்கினர். அனுப்புவதற்கு இடமில்லாமல் வினாவை மட்டும் கேட்பது, கதவைத் தட்டிவிட்டு ஓடுவதற்கு ஒப்பாகும்.

எனவே நடைமுறைக்கு ஒத்த வழி நடுவழியே. குழந்தை பெற்ற தாய்மார், சலரோகம், மாரடைப்பு போன்ற நீண்ட நோயுடையோர், சோதனைகளில் குறையொன்றும் காணப்படாதபோதும் திரும்பத் திரும்ப வலியோடு வருவோர், மதுவால் சீரழியும் குடும்பத்தார் ஆகியோரிடத்திலே இவ்வினாக்களை முதலிற் கேட்கலாம். சலரோகத்தோடு மனச்சோர்வும் சேர்ந்தவர் மருந்தையும் உணவு விதியையும் ஒழுங்காகக் கைக்கொள்வது கடினம். அவருக்குச் சீனியின் அளவு குறையாமைக்குக் காரணம் நாவின் ஆசையன்று, நெஞ்சின் சோர்வு என்று அறிந்தால், அவரைக் கடிந்துகொள்ளும் வைத்தியரும் கடிந்துகொள்ளார்.

எல்லாவற்றினும் பெரிய வினா ஒன்றுண்டு. அது உயிரைப் பற்றியது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற வீதத்தில் தற்கொலை நிகழ்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. பூச்சிநாசினி அருந்தியோரைக் காப்பாற்றும் போராட்டத்தை மலைநாட்டு வைத்தியசாலைகளும் நெடுங்காலம் நடத்தின. மிகக் கொடிய நஞ்சுகள் 1995, 1998ஆம் ஆண்டுகளிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதன் பின் அவ்வீதம் முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்களவுக்குத் தாழ்ந்தது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. ஆகவே, தப்பியவரோ அவ்வெண்ணம் உடையவரோ அதனை வைத்தியரிடம் சொல்வதற்குச் சட்டத்தின் அச்சம் இன்றில்லை. இவ்வினாவைக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். ஆய்வுகள் அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. பரிவோடு நேரே கேட்பது, நெடுநாள் தனியே சுமந்த பாரத்தை இறக்கிவைக்க ஒருவருக்கு இடம் அளிப்பதாகும்.

வைத்தியருக்கு நேரமில்லை என்ற குறை உண்மையே. ஒரு காலைப் பொழுதில் அவர் பார்க்க வேண்டியவர் தொகை பெரிது. ஆதலின் முதல் வினாக்களைத் தாதியர் கேட்கலாம். புள்ளி கூடியவரை வைத்தியர் விசாரிக்கலாம். கடுமையானவரை உளநல வைத்திய அதிகாரியிடமோ நிபுணரிடமோ அனுப்பலாம். அனுப்பும்போது, ‘உமக்கு உடலில் நோயில்லை’ என்று சொல்லி அனுப்புதல் ஆகாது. ‘உமது வலியை நம்புகிறோம், அதனைப் பெருக்குகின்ற இன்னொரு காரணத்துக்கும் மருந்துண்டு’ என்று சொல்லி அனுப்புதல் வேண்டும். இவ்வொரு வாக்கியம், நோயாளி அடுத்த வாயிலுக்குச் செல்வாரா, வீட்டுக்குத் திரும்புவாரா என்பதைத் தீர்மானித்துவிடும்.

நோயாளிக்கும் வீட்டாருக்கும் இதிற் பங்குண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, விருப்பமான எதிலும் மனம் செல்லாதிருந்தால், கிளினிக்குக்குச் செல்லும் நாளில் அதனையும் ஒரு நோய்க்குறியாகவே வைத்தியரிடம் சொல்லலாம். நேரிற் செல்ல இயலாதவர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். அங்கொடை வைத்தியசாலை தோன்றிய ஆண்டே இன்று உதவிக்கான இலக்கமாயிருக்கின்றது. ஒருகாலத்தில் ஊரார் நாவிலே இகழ்ச்சியாக வழங்கிய ஓரிடம், இன்று எந்த வீட்டிலிருந்தும் கூப்பிட்டால் செவிகொடுக்கும் இடமாகியுள்ளது.

கண்டியின் அந்த நீண்ட வாங்கிலே நாளையும் அத்தாய் வந்து அமர்வாள். அவளுடைய இரத்த அழுத்தம் அளக்கப்படும், கொப்பியிலே எழுதப்படும். அப்போது அவளுடைய மொழியிலே ஒருவர், ‘அம்மா, இரவில் உறக்கம் வருகிறதா? மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பாராயின், பல ஆண்டுகளாக வலி மாத்திரை தீர்க்காத நோய்க்கு அன்றைக்கே சிகிச்சை தொடங்கிவிட்டது எனலாம்.